இல்லாத எருமை சபைக்கு வந்த கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட வேண்டிய ஒரு நாட்டை உக்கிரசேனர் என்ற ராஜா ஆண்டுவந்தார். உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. ஆள் நல்லவர், சாப்பாட்டுப் பிரியர். யாராவது தன்னைவிடப் பெருமையாகப் பேசிவிட்டால் மட்டும் மூன்று நாள் தூக்கம் வராது.

அப்படித்தான் ஒரு விருந்தில் பக்கத்து நாட்டு ராஜா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "எங்கள் நாட்டில் யாரும் கதவைப் பூட்டுவதே இல்லை. திருட்டு என்றால் என்னவென்றே குடிகளுக்குத் தெரியாது" என்று அளந்துவிட்டார். அன்றைக்கு அவர் படுக்கப் போனபோது அறைக் கதவை உள்ளே தாழ்போட்டு, தாழ் சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்தார். அதை நம் ராஜா கவனிக்கவில்லை. அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நகரக் காவலுக்கு அதிகாரியான கொத்தவால் செண்பகராயரைக் கூப்பிட்டார். "செண்பகராயரே, வருகிற பௌர்ணமியிலிருந்து நம் நாட்டிலும் திருட்டு இருக்கக் கூடாது. இது என் கட்டளை."

"உத்தரவு மகாராஜா" என்றார் கொத்தவால். ஆள் ஆறடி உயரம், மீசை தனியாக ஒரு சாண்.

வீட்டுக்குப் போய் யோசித்தார். திருடனைப் பிடிப்பது பெரும்பாடு. ஓடுவான், சுவர் ஏறுவான், பிடித்தால் கடிப்பான். புகார் கொடுக்கிறவனைப் பிடிப்பது அப்படியல்ல. தன் காலாலேயே நடந்து காவல் சாவடிக்கு வருவான். பெயர் சொல்லுவான், தெரு சொல்லுவான், உட்காரச் சொன்னால் உட்காருவான். ஆகவே கொத்தவால் ஒரு சட்டம் எழுதி ராஜாவின் முத்திரை வாங்கிக்கொண்டார். புகார் சொன்ன பொருள் மூன்று நாளுக்குள் கிடைக்காவிட்டால் அந்தப் புகார் பொய். பொய்ப் புகார் சொன்னவருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊரைச் சுற்றி, எல்லைக்கு வெளியே விரட்டிவிட வேண்டும்.

பொருளைத் தேட வேண்டிய ஆள் யார்? அதே கொத்தவால்தான். அவர் மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினார். நாலு பேர் கழுதைமேல் போனார்கள். ஐந்தாவது ஆள் வரவில்லை. நாட்டில் திருட்டு ஒழிந்துபோயிற்று. தினமும் காலையில் கொத்தவால் சபையில் வந்து நின்று, "நேற்றும் நாட்டில் களவில்லை மகாராஜா" என்பார். ராஜாவுக்குக் கேட்கக் கேட்க இனிக்கும்.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்று ஒரு விகடர் இருந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். ஒரு நாள் தன் வீட்டு மோரைச் செம்பில் கொண்டுவந்து ராஜாவுக்குக் கொடுத்தார். ராஜா குடித்துவிட்டு, "பிச்சாண்டி, இதுவல்லவோ மோர்! அரண்மனையில் இத்தனை மாடு இருந்து என்ன பயன்?" என்று சபையறியப் புகழ்ந்தார். விகடருக்கு அன்று ஒரு மோதிரம் கிடைத்தது. மந்திரி வாசுதேவர் உதட்டைப் பிதுக்கினார். கொத்தவால் மீசையைக் கடித்தார். ஒரு செம்பு மோருக்கா மோதிரம் என்று அவருக்கு ஆறவேயில்லை.

மோர் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது கொத்தவாலுக்கா கஷ்டம்? ஆற்றங்கரைத் தெருவில் சடைச்சி என்று ஒருத்தி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரே ஒரு எருமை. அந்த எருமை இருப்பதால்தான் அவள் அடுப்பு எரிந்தது. பிச்சாண்டி வீட்டுக்கு மோர் ஊற்றுகிறவள் அவள்தான்.

ஒரு வாரம் கழித்துச் சடைச்சி மோர் கொண்டுவரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் மோரில்லாமல் பழையது சாப்பிட்ட பிச்சாண்டிக்கு விக்கல் எடுத்தது. விக்கிக்கொண்டே ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனார். குடிசை பூட்டிக் கிடந்தது. சடைச்சியைக் காவலர் பிடித்துப்போய்ச் சாவடியில் அடைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு, தான் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

சாவடிக் கம்பிக்குப் பின்னால் சடைச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன ஆயிற்று சடைச்சி? எருமை எங்கே?"

"ஆத்துல படுத்துக் கெடந்தவள எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான் சாமி. மத்தியானம் கஞ்சி குடிக்க வந்தேன், திரும்பிப் போறதுக்குள்ள காணோம். எல்லாரும் சொன்னாங்க, செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருடீன்னு. உசுரோட இருக்கிறவள எப்பிடி சாமி செத்துட்டான்னு சொல்லுறது? நேரா இங்க வந்து சொன்னேன்."

"பெயர் என்ன எருமைக்கு?"

"வெள்ளச்சி."

பிச்சாண்டிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "கரிச்சட்டி நிறத்தில் இருப்பாளே, அவளா வெள்ளச்சி?"

"பாலு வெள்ளையாத்தான குடுக்குறா?"

பிச்சாண்டி அடுத்ததைக் கேட்டார். "இரண்டு புகார் கொடுத்தாயாமே? கொத்தவால் அதைச் சொல்லித்தான் ஊரெல்லாம் சிரிக்கிறார்."

"மக்யா நாளு, வெள்ளச்சி போன அடுத்த நாளே, என் சேலையும் காணாமப் போச்சு சாமி. வேலியில கெடந்த பழைய செவப்புச் சேலை. கிழிசல்தான். ஆனா அது இல்லாம வெள்ளச்சி ஒரு சொட்டுப் பால் விடமாட்டா. அவ கன்னு போன மாசம் செத்துப் போச்சு. கடைசியா அந்தச் சேல மேலதான் படுத்துக் கெடந்துச்சு. அதக் கட்டிக்கிட்டு உக்காந்தா மோந்து பாப்பா, அப்புறந்தான் சொரப்பா. நான் அதத் தொவைக்கிறதுகூட இல்ல."

பிச்சாண்டிக்கு விக்கல் நின்றுவிட்டது. "இந்தச் சேலை விஷயம் வேறு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சாமி. மொத நாள் புகார் சொல்லறப்ப கொத்தவால் அய்யாகிட்டதான் சொன்னேன். ஓட்டிக்கிட்டுப் போனவனுக்கு ஒரு சொட்டுக் கெடைக்காது, சேலை என் வீட்டு வேலியில கெடக்குன்னு. அய்யா ரொம்ப அக்கறையாக் கேட்டாரு. எந்த வேலி, என்ன நெறம், எப்பிடிக் கட்டணும்னுகூடக் கேட்டாரு. நல்ல மனுசன்."

இவ்வளவு வெள்ளந்தியான ஒருத்தியைக் கழுதைமேல் ஏற்றப் போகிறார்களே என்று பிச்சாண்டி நினைத்துக்கொண்டார். இரண்டு நாளாகக் கொத்தவால் வெள்ளிக் கிண்ணத்தில் ராஜாவுக்குக் கெட்டித் தயிர் கொண்டுவந்து கொடுத்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் கொத்தவால் வீட்டைச் சோதிக்கக் கொத்தவாலின் அனுமதி வேண்டும். எதிர்த்துப் புகார் சொன்னால் அதையும் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

"சடைச்சி, நாளைச் சபையில் நான் என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். எருமையை எந்த நேரத்தில் கறப்பாய்?"

"காலையில ஒரு தரம், பொழுது சாயறப்ப ஒரு தரம். நேரம் தப்பினா கத்தி ஊரக் கூட்டிருவா."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடியது. கொத்தவால் குற்ற ஓலையை நீட்டி முழக்கி வாசித்தார். எருமை இருந்தால் மூன்று நாளில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, ஆகையால் எருமை இல்லை. அதுவும் போதாதென்று, கிழிந்த சேலையை ஒருவன் திருடினான் என்று இரண்டாவது பொய். கந்தலைத் திருட எவன் வருவான்? சபை சிரித்தது.

பிச்சாண்டி எழுந்தார். "மகாராஜா, இவளுக்காக நான் வழக்காட அனுமதி வேண்டும்."

"வழக்காடலாம்" என்றார் ராஜா. "ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்று. நீர் தோற்றால் பொய்க்குத் துணை போனவர் ஆவீர். நீரும் கழுதை ஏற வேண்டிவரும்."

மந்திரி வாசுதேவர் பக்கத்தில் இருந்தவரிடம் இன்னொரு கழுதைக்குச் சொல்லியனுப்பும்படி காதில் ஓதினார். அவருக்கு அவ்வளவு அவசரம்.

"ஒப்புக்கொண்டேன்" என்றார் பிச்சாண்டி. "என் வாதம் இதுதான். கொத்தவால் சொல்வது முழுக்க முழுக்க உண்மை. சடைச்சி சொல்லும் எருமை இந்த நாட்டிலேயே இல்லை."

வாயைத் திறக்கப் போன சடைச்சி பிச்சாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கொத்தவாலுக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம்.

"ஆனால் மகாராஜா, இதைக் கெட்டியாக எழுதிவைக்க வேண்டும். நாளைக்கே யாராவது ஒருவன் வந்து, அந்த எருமையை அங்கே பார்த்தேன் இங்கே பார்த்தேன் என்று கிளப்பிவிட்டால் கொத்தவாலின் பெயர் என்ன ஆவது? இந்த எருமை இல்லை, இருப்பதாக யார் சொன்னாலும் அது பொய்ப் புகார், சொன்னவர் யாராக இருந்தாலும் கழுதைதான் என்று முத்திரையோடு ஒரு தீர்ப்பு வேண்டும்."

"அருமையான யோசனை!" என்று கொத்தவால் முந்திக்கொண்டு கத்தினார். ராஜா தலையசைத்தார். எழுத்தர் ஓலையை எடுத்தார்.

"இன்னும் ஒன்று" என்றார் பிச்சாண்டி. "நாட்டில் ஆயிரம் எருமை இருக்கிறது. எந்த எருமை இல்லை என்று அடையாளம் தெளிவாக இருக்க வேண்டாமா? இல்லாவிட்டால் இருக்கிற எருமைக்காரர்கள் எல்லாம் பயந்துபோவார்கள். சடைச்சி, அங்க அடையாளங்களைச் சொல்."

சடைச்சிக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. இடது கொம்பு உள்பக்கம் வளைந்தது என்றாள். எழுத்தர் எழுதினார்: இடது கொம்பு உள்பக்கம் வளைந்தது, இல்லை. வலது காதில் ஒரு கிழிசல், இல்லை. நெற்றியில் நெல்லிக்காய் அளவு வெள்ளைச் சுழி, இல்லை. வால் நுனியில் மயிர் இரண்டாகப் பிரிந்தது, இல்லை. முன்னங்கால் குளம்பு, பின்னங்கால் குளம்பு, மடியில் மச்சம், கழுத்தில் கயிற்றுத் தழும்பு என்று அவள் பாசத்தோடு சொல்லிக்கொண்டே போக, பிச்சாண்டி நடுநடுவே, "மச்சம் எத்தனை? எந்தப் பக்கம்? நிதானமாகச் சொல்லம்மா, ஒன்றும் அவசரமில்லை" என்று கிளறிக்கொண்டே இருந்தார். மந்திரி குறட்டை விட்டார். மண்டபத் தூண்களின் நிழல் நீண்டது.

கொத்தவால் மட்டும் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். "மகாராஜா, அடியேனுக்கு வீட்டில் ஓர் அவசர வேலை..."

"சபை நடக்கையில் என்னய்யா வேலை?"

"மாலைப் பொழுதில்... தினமும் செய்கிற ஒரு... அனுஷ்டானம்."

"நாளைக்குச் சேர்த்துச் செய்துகொள்ளும். உட்காரும்."

தீர்ப்பு ஒருவழியாக எழுதி முடிந்தது. ராஜா முத்திரை வைத்தார். கொத்தவால் கையெழுத்துப் போட்டார். அரண்மனை வாசலில் தண்டோரா போட்டு வாசித்தும் ஆயிற்று. அப்புறம் பிச்சாண்டி கைகூப்பினார். "மகாராஜா, இவள் எல்லை தாண்டிப் போகப்போகிறாள். போகுமுன் ஒரே ஒரு தடவை அந்த எருமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். இல்லாத எருமையைக் கூப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?"

கொத்தவால் குதித்து எழுந்தார். "கூடாது மகாராஜா!"

"ஏன் கூடாது?" என்று ராஜா கேட்டார்.

கொத்தவால் மெதுவாக உட்கார்ந்தார்.

சடைச்சி எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "ஏ வெள்ளச்சீ... வாடீ தாயீ... ம்பா... ம்பா..."

அரண்மனைக்குப் பின்னால்தான் கொத்தவாலின் வீடு. உயரமான மதில், பெரிய கதவு. கறவை நேரம் தப்பி, மடி கனத்து, ஏற்கெனவே கால் மாற்றி நின்றுகொண்டிருந்த ஒரு ஜீவன் அந்த மதிலுக்குள்ளிருந்து பதில் குரல் கொடுத்தது. அடுத்தாற்போல் ஏதோ முறியும் சத்தம். கதவு சாயும் சத்தம். ஒரு பெண்பிள்ளை அலறும் சத்தம்.

வாசல் காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள். எதிரே வருவதன் இடது கொம்பு உள்பக்கம் வளைந்திருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுழி. சற்று முன்தான் தண்டோராவைக் காதாரக் கேட்டவர்கள் அவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈட்டியை இறக்கிவிட்டு, காற்றுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள்.

இல்லாத எருமை சபைக்குள் நுழைந்தது. கழுத்துக் கயிற்றில் பிடுங்கிய கட்டுத்தறியும் இழுபட்டு வந்தது. போகிற வழியில் மந்திரியின் கழுத்து மாலையை ஒரே இழுப்பில் வாங்கி மென்றது. விழித்துக்கொண்ட மந்திரி வாயைத் திறந்தார், தீர்ப்பு நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். எருமை பன்னீர் அண்டாவில் தலையை விட்டு ஒரு மூச்சுக் குடித்தது. சபை நடுவே நின்று சாணி போட்டது. வித்துவான்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கூரையில் இருந்த சித்திரங்களை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

"பிச்சாண்டி" என்றார் ராஜா. "அது என்ன?"

"எது மகாராஜா?"

"அதோ, அந்தப் பெரிய..." ராஜாவின் பார்வை தன் முத்திரைமேல் விழுந்தது. "ஒன்றுமில்லை."

எருமை சடைச்சியை நோக்கி நடந்தது. நடுவில் கொத்தவால் உட்கார்ந்திருந்தார். அது தன் முன்னங்காலை அவர் பாதத்தின்மேல் வைத்து, அங்கேயே நின்று, சாவகாசமாக அசைபோட்டது. கொத்தவாலின் முகம் சிவந்து, பிறகு கறுத்து, கண்ணில் தாரை தாரையாக நீர் வந்தது.

"ஏன் ஐயா அழுகிறீர்?" என்று பிச்சாண்டி அன்போடு கேட்டார்.

"கண்ணில்... தூசி" என்றார் கொத்தவால், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உமது காலின்மேல் ஏதாவது இருக்கிறதா?"

"ஒன்றும்... இல்லை!"

அந்தச் சமயத்தில்தான் கொத்தவாலின் மனைவி அலங்காரம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். தண்டோரா போட்டபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், பாவம். அவள் கையில் ஒரு பழைய சிவப்புச் சேலை. "என்னங்க! எருமை தறியப் புடுங்கிக்கிட்டு வந்துருச்சுங்க! இந்தாங்க உங்க சேலை, சீக்கிரம் கட்டிக்கிட்டு வந்து கறங்க!"

சபை மொத்தமும் கொத்தவாலின் மீசையைப் பார்த்தது. அப்புறம் சேலையைப் பார்த்தது. பிறகு அந்த இரண்டையும் சேர்த்து மனசுக்குள் பார்த்தது.

பிச்சாண்டி வருத்தத்தோடு கைகூப்பினார். "மகாராஜா, முத்திரையின் ஈரம் காயவில்லை. அதற்குள் இந்த அம்மாள் எருமை இருப்பதாகச் சபையில் சொல்லிவிட்டார். பொய்ப் புகார். மந்திரியார் தயவில் ஒரு கழுதை அதிகமாகவே வந்திருக்கிறது."

"என்னையா கழுதையில ஏத்துவீங்க?" என்று அலங்காரம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "நானா ஆத்தங்கரையில போயி ஓட்டிக்கிட்டு வந்தேன்? ராஜாவுக்குத் தயிர் குடுத்து மோதிரம் வாங்குறேன்னு குதிச்சது இவரு! இந்தக் கந்தலக் கட்டிக்கிட்டுக் கறடீன்னாரு. நான் மாட்டேன்னேன். அவரே கட்டிக்கிட்டாரு. கொசுவம் வெக்கத் தெரியாம நான்தான் வெச்சுவிட்டேன்!"

ராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு தொந்தி. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிம்மாசனத்திலிருந்து எழுந்து, கையை நீட்டி, "எருமை! எருமை! நானே என் கண்ணால் பார்க்கிறேன், எருமை!" என்று கத்தினார்.

"கழுதை தயாராக இருக்கிறது மகாராஜா" என்றார் பிச்சாண்டி.

கிரீடம் காதில் சரிகிற அளவுக்கு ராஜா சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. எதிரே சடைச்சி எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். தான் காலைதோறும் கேட்டு மகிழ்ந்த 'களவில்லை' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. தீர்ப்போலையையும் அதற்கு முந்தின சட்டத்தையும் வாங்கி, தன் கையாலேயே முறித்துப் போட்டார். எல்லைக்கு வெளியே விரட்டிய நாலு பேரையும் மரியாதையோடு அழைத்துவர ஆள் அனுப்பினார். கொத்தவாலைப் பதவியிலிருந்து இறக்கி, ஓர் ஆண்டு அதே சேலையோடு சடைச்சிக்குப் பால் கறந்து கொடுக்கும்படி தண்டனை சொன்னார்.

"வேணாம் சாமி!" என்று சடைச்சி அலறினாள். "அவரு கறந்த லட்சணத்துல மடியெல்லாம் வீங்கிக் கெடக்கு. அவர வேற எங்கயாச்சும் அனுப்பிருங்க!"

ஆகவே கழுதைமேல் கொத்தவால் மட்டும் போனார், பின்பக்கம் பார்த்துக்கொண்டு.

ராஜா தன் தோளில் கிடந்த சரிகைப் பட்டுச் சால்வையை எடுத்துப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார். வெளியே அதற்குள் ஊரே திரண்டிருந்தது. பிச்சாண்டியைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள். கூட்டம் ஓய்ந்ததும் பிச்சாண்டி தோளைத் தடவிப் பார்த்தார். சால்வையைக் காணவில்லை.

மற்றவனாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். பிச்சாண்டி குதியாட்டம் போட்டுக்கொண்டு சபைக்குள் திரும்பி ஓடினார். "மகாராஜா! மகாராஜா! என் சால்வை திருட்டுப் போய்விட்டது! புகார் கொடுக்க வந்திருக்கிறேன்!"

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுத்தர் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள்ளும். நாட்டில் இன்று ஒரு களவு" என்றார். பிறகு வாசலைப் பார்த்தார். பிச்சாண்டிக்குப் பின்னால், புகார் சொல்ல வந்தவர்களின் வரிசை மண்டபத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. ராஜா சிரிப்பை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுத்தவரை வரச் சொல்" என்றார்.